ஓட்டுநர் ஓடுகிறேன்

எட்டு மணி நேரம் உட்கார்ந்தே ஓட்டிய கால்கள்
எட்மன்டன் பாலத்தடியில்
இப்போது தாமாக ஓடிப் பார்க்கின்றன.

அக்டோபர் கடைசி.
ஆற்றில் பனித்தட்டுகள் உரசிக்கொண்டு போகின்றன,
யாரோ விடாமல் மணல் சலிக்கிற மாதிரி.
பீவர் கடிக்காதிருக்க
பாப்ளர் மரங்களுக்கு இடுப்பளவு கம்பிவலை.
விட்டுப்போன ஒன்று
பென்சிலாய்ச் சீவப்பட்டு நிற்கிறது.

ஒவ்வொரு பெஞ்சு வரும்போதும்
வலது பாதம் பிரேக்கைத் தேடுகிறது.
சிரிக்கலாம். நானும் சிரித்தேன்,
மூன்றாவது பெஞ்சு வரை.

நேற்றிரவு பதினொன்று இருபது.
நான்கு நிமிடம் தாமதம்.
பக்கக் கண்ணாடியில் ஒருத்தி:
தூக்கிய கை, அவிழ்ந்த கம்பளித் துண்டு.
இண்டிகேட்டரை அணைத்தேன்.
அவள் சிறுத்துக்கொண்டே ஓடிவந்தாள்.
அதற்குமேல் விடியும்வரை வண்டி இல்லை.

வளைவில் எதிரே ஒரு பெண்,
மூச்சு முகத்துக்கு முன்னால் வெள்ளையாக.
இங்கே ஓடுகிறவர்கள் வழக்கம்,
கையை லேசாகத் தூக்கினாள்.

நின்றுவிட்டேன்.
நட்டநடுப் பாதையில்,
மூச்சிரைக்க,
கதவைத் திறந்துவிட்டவனைப் போல.

காதிலிருந்து பாட்டைக் கழற்றி,
"ஏதாவது ஆச்சா?" என்றாள்.
"ஷூ கயிறு" என்று குனிந்தேன்.
இறுக்கமாகவே இருந்த முடிச்சை
அவிழ்த்தேன்.
அவள் போன பிறகும்
அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

மேலே, பாலத்தின் முனையில்,
எட்டாம் எண் வண்டி பெருமூச்சு விட்டு நிற்கிறது.
இன்று ஒரீசியாவின் முறை.
நாய்க்குட்டி ஓடிவந்தாலும் காத்திருப்பாள்.
தாமதமாகத்தான் வருவாள், எப்போதும்;
அதற்காக அவளைக் கேலி செய்பவன்
நான்தான்.