பதினோரு அங்குலம்

அப்பா சவுனாவில் இருந்த இருபது நிமிடத்தில்
அவருடைய ஃபோனைப் படித்தேன்.
அந்தச் சூட்டில் அதற்குமேல் யாராலும் இருக்க முடியாது,
பின்லாந்து ரத்தம் ஓடுகிறவராலும்கூட.
எனக்கும் அவ்வளவுதான் அவகாசம்.
திருட்டு என்றுதான் சொல்ல வேண்டும்.

தண்டர் பே. பிப்ரவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
துறைமுகத்துத் தானியக் கிடங்கில்
நாற்பது வருஷம் கோதுமைத் தூசியைச் சுவாசித்த
ரெய்னோ என்கிற மனிதருக்கு
டெல்ஃபின் என்று ஒருத்தி.
மால்டா பக்கம் ஏதோ கப்பலில் நர்ஸ்.
ஐம்பத்தெட்டு வயது, விதவை,
நாய்க்குட்டியை அணைத்துச் சிரிக்கிறாள்.

அந்தச் சிரிப்பை இணையத்தில் தேடவிட்டேன்.
போர்ட்டோ நகரத்தில் ஒரு பல் டாக்டர்.
கணவன், மூன்று பிள்ளைகள்,
அதே நாய்க்குட்டி.

சுங்கத்தில் மாட்டிய பெட்டி ஒன்று,
அதற்கு அபராதம், அபராதத்துக்கு வரி.
மொத்தம் பதினெட்டாயிரத்து நானூறு டாலர்.
கூரை மாற்ற வைத்திருந்தது.
கேனடியன் மளிகைக் கடையில் கைல் என்ற பையன்
ஆறாவது பரிசு அட்டையை விற்க மறுத்திருக்கிறான்.
அப்பா வண்டியெடுத்துக்கொண்டு
அடுத்த கடைக்குப் போயிருக்கிறார்,
பனிப்புயலில், நாற்பது கிலோமீட்டர்.

ஐந்து மாதம், இரண்டாயிரத்துச் சொச்சம் செய்திகள்.
அவள் எழுதியதெல்லாம் ஒரே அச்சில் வார்த்த செங்கல்.
அவர் எழுதியதோ,
இவருக்கு இத்தனை வார்த்தைகள் உண்டென்று
எனக்குத் தெரியாது.

"இன்று ஏரியில் பனி ஒன்பது அங்குலம்.
துளை போட்டால் ஒரு சத்தம் வருகிறது,
கீழ்வீட்டில் யாரோ மரச்சாமான் நகர்த்துவதுபோல."

"ஐலி போன இரவு, காப்பி குடித்துவிட்டு வாருங்கள் என்றாள் நர்ஸ்.
போனேன். திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது.
மகளிடம், பக்கத்தில்தான் இருந்தேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன்."

அதற்குக் கீழே டெல்ஃபினின் பதில்:
"ஓ என் அன்பே. சுங்கப் பணம் அனுப்பியாயிற்றா?"

குளித்து முடித்த கதவுச் சத்தம்.
ஃபோனைத் திரும்ப வைத்தேன்,
ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில், அதே கோணத்தில்.

நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.
வின்னிபெக் திரும்பியதும் புது எண் ஒன்று வாங்கி
டெல்ஃபினாகவே எழுதினேன்:
கப்பல் தலைவரை மணந்துகொள்கிறேன்,
என்னை மறந்துவிடுங்கள்,
இனி யாருக்கும் பணம் அனுப்பாதீர்கள்,
மாத்திரைகளை வேளைக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மறுநாள் பதில் வந்தது.
"டூலா, அவள் ஒருநாளும்
மாத்திரையைப் பற்றிக் கேட்டதில்லை."

அப்புறம் வங்கிக்குப் போனோம்.
ஒரு நாளைக்கு இருநூறு டாலருக்குமேல் நகராது,
நகர்ந்தால் எனக்குத் தெரியும் என்கிற படிவத்தில்
தப்பு செய்த பள்ளிப் பையன்போல் கையெழுத்துப் போட்டார்.
அந்தப் பெண் அதிகாரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
நல்லவள்.
காரில் ஒன்றே ஒன்று கேட்டார்:
"அந்தப் பல் டாக்டர் அம்மாளுக்குத் தெரியுமா?
தன் முகத்தை எடுத்து இப்படிச் செய்கிறார்கள் என்று?
சொல்லிவிடு."
சொன்னேன். அவளுக்கு இது ஏழாவது கடிதமாம்.

மூன்று வாரம் அவர் பேசவில்லை.
நானும் எதற்கென்று பேசுவது.
மார்ச் மாதம் ஒரு விடிகாலை
என் ஃபோன் ஒளிர்ந்தது:
"பதினோரு அங்குலம்."
அவ்வளவுதான். முன்னும் பின்னும் ஒன்றுமில்லை.

எழுதினேன், அழித்தேன்.
ஜாக்கிரதை என்று எழுதி அதையும் அழித்தேன்.
கடைசியில் கேட்டுவிட்டேன்:
"கீழே இன்னும் மரச்சாமான் நகர்த்துகிறார்களா?"

"அதையுமா படித்தாய்?"

பஸ் வந்தது, ஏறினேன், இறங்கினேன்,
அலுவலக மின்தூக்கியில் ஆறு மாடி.
கோட்டைக் கழற்றும்போது மறுபடி ஒளிர்ந்தது:

"நகர்த்துகிறார்கள்.
இன்றைக்குக் கட்டில்."