ஐந்து லீற்றர்க் கான்

விடிய முதல் போறது கணக்கில்லை என்றாள் துசாந்தினி.
அதை வெளியே விட்டு நேரத்தைக் குறிக்க வேண்டும்.
பிறகு வாறதெல்லாம் கானுக்குள்.
மறுநாள் அதே நேரம்வரை
ஒரு துளி தவறக்கூடாது.

வயலுக்கும் கானோடு போனேன்.
வரம்பில் வைத்துப் பூவரசங்குழையால் மூடினேன்.
வாய்க்கால் கரையில் நின்ற மாடு மட்டும் பார்த்தது.
ஐம்பத்தெட்டு வயதில்
என் உடம்பிலிருந்து கழிவதை
ஒருவர் இவ்வளவு அக்கறையாய்க் கேட்டது அன்றைக்குத்தான்.

நெளுக்குளம் தாண்ட, கொண்டக்டர் குனிந்து பார்த்தான்.
"தேனோ அண்ணை? போத்தல் என்ன விலை?"
"எல்லாம் சொல்லிவைச்ச ஆக்களுக்கு, தம்பி."
பக்கத்துச் சீற்றில் இருந்த மனிசி
மூடியைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"எறும்பு வரேல்லை. அசல் தேன்தான்."

முதல்நாள் தந்தது ஒன்பது பக்கப் படிவம்.
கிட்னி ஏன் பழுதாகுதென்று இன்னும் தெரியாது,
கிணற்றுத் தண்ணியோ, வயலுக்கு அடிக்கிற மருந்தோ, வெயிலோ.
இந்தக் குளிசை உதவுமோ, அதுவும் தெரியாது.
பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மா.
"ஆருக்கு எதெண்டு எனக்கும் தெரியாது ஐயா.
டொக்டருக்கும் தெரியாது."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு
தெரியாது என்று சொன்ன ஒருவரை
அதற்குமுன் நான் கண்டதில்லை.

ஆறாம் பக்கம்:
எந்த நேரமும், காரணம் சொல்லாமல்,
நீங்கள் விலகிக்கொள்ளலாம்.

"திருப்பி வாசி பிள்ளை."
வாசித்தாள்.
"விலகினால் ஒருத்தரும் வீட்டை தேடி வரமாட்டினமோ?"
"வரமாட்டம் ஐயா."
பேனையைப் பிடித்தபடி யன்னலால் பார்த்தேன்.
இதே செட்டிக்குளத்தில்
கம்பிக்கு உள்ளே நின்று
ஒரே பெயரை நாலு தரம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
அந்தக் கடதாசிகளில் ஆறாம் பக்கம் இருக்கவில்லை.

ஒப்பம் வைத்தேன்.
நாற்பத்தேழு ஆனேன்.

செவ்வாய்க்கிழமைகளில் வாங்கில் பதினாலு பேர்.
வெறும் வயிறு, ஊசி குத்திய முழங்கையில் பஞ்சு,
பிறகு ஒரு பணிசும் பிளேன்ரீயும்.
கசந்தால் மருந்து என்று சொல்லிவைத்தான் அறுபத்திரண்டு.
அன்றிலிருந்து எல்லோரும் குளிசையை
நாக்கில் வைத்துப் பார்த்தோம்.
எனக்குக் கசக்கவில்லை.
முப்பத்தொன்றுக்குக் கசந்தது.
அவள் சிரித்ததைப் பார்க்க
எனக்கு எரிச்சலாய்க்கூட இருந்தது.

மாசியில் முப்பத்தொன்று வரவில்லை. பங்குனியிலும்.
"விலகிவிட்டாவோ?"
துசாந்தினி கோப்பை மூடினாள்.
"அதைச் சொல்லக்கூடாது ஐயா."
மகள் மன்னாரில் என்று ஒருநாள் சொன்னவள்.
ஆறாம் பக்கத்தைக் கிழித்து மடித்து
கைப்பைக்குள் வைத்துக்கொண்டு
மன்னார் பஸ் ஏறியிருப்பாள்,
அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.
பெயரைக் கேட்டிருக்கலாம்.

எல்லாம் முடிந்து கடிதம் வந்தது.
எனக்குத் தந்தது மா.
"பதினெட்டு மாதம் மா திண்டோ
கால் வீக்கம் வத்தினது எண்டு சொன்னனீங்கள்?"
மனிசி சிரிக்கிறாள்.
வத்தினது உண்மைதானே.
மா திண்ட ஆக்கள் இல்லாட்டி
மருந்தை எதோடை ஒப்பிடுறது என்று
துசாந்தினி போனில் கனநேரம் விளங்கப்படுத்தினாள்.
கேட்டுக்கொண்டிருந்தேன்.
குடிக்கிறது இன்னும் அதே கிணறுதான்.

கானைத் திருப்பிக் கேட்கவில்லை.
கிணற்றடியில் கவிழ்த்துக் கிடக்கிறது,
மண்ணெண்ணெய் ஊற்றவும் மனிசி விடுகிறாளில்லை.
நேற்று வவுனியா பஸ்ஸில்
அதே கொண்டக்டர், வெறுங்கையைப் பார்த்துவிட்டு:
"என்ன அண்ணை, இந்தமுறை தேன் இல்லையோ?"