நாளுக்கு அரை எள்

நரம்பை எலும்புக்கு முன்பக்கம் குடிவைத்திருக்கிறோம் என்றார்
இன்வர்காகில் ஆஸ்பத்திரியில் டாக்டர் மெக்லீஷ்.
பின்பக்கத்துப் பள்ளத்தில்
இருபத்திரண்டு வருஷம் நசுங்கி நசுங்கி
வாடகை கட்டிய நரம்பு.
கிழிந்த தசைநாரையும் இழுத்துத் தைத்தாயிற்று.
இனி?
இனி வளர வேண்டும், மிஸ்டர் பராத்தா.
நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்.
அதுவும் நல்ல நாளில்.

எள்ளில் பாதி.
முழங்கையிலிருந்து விரல் நுனிவரை ஒரு முழம்.
படுத்தபடி வகுத்துப் பார்த்தேன்:
நானூற்று ஐம்பது நாள்.
ஒரு பகலில் முந்நூற்று இருபது ஆடுகளுக்கு
கம்பளி கழற்றிய கை இது.

காலை நாலேமுக்காலுக்கு ஹுஹானா கிளம்புகிறாள்.
அதே வேன், அதே ஷெட்.
நான் நின்ற இடத்தில் இப்போது
பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன்.
நல்லா வெட்டறான் என்கிறாள்,
பிறகு, கொஞ்சம் அவசரம் என்று
எனக்காகச் சேர்த்துக்கொள்கிறாள்.
அவளுக்கு ரொட்டி கட்டித் தருவது நான்,
இடது கையால்.
வெண்ணெய் ஓரிடத்தில் மேடு, ஓரிடத்தில் வறட்சி.
ஊறுகாய் பாட்டிலைத் திறக்க
முட்டிகளுக்கு நடுவே இடுக்கிக்கொள்ள வேண்டும்,
ஆட்டைப் பிடிப்பதைப் போல.
இது உதைப்பதில்லை.
அதுதான் கஷ்டம்.

சம்பளத்தில் நூற்றுக்கு எண்பது அரசாங்கம் தருகிறது.
மிச்ச இருபது
கோபமாக வருகிறது.

ஐந்தாம் வாரம் சுண்டுவிரலில் ஒரு கொப்புளம்.
விறகடுப்பின் கதவாக இருக்கலாம்.
என் வீட்டில் தீப்பிடித்ததை
எனக்கு யாரும் சொல்லவில்லை.
மோதிரவிரலில் ஒரு பாதி என்னுடையது,
மறுபாதி யாருடையதோ.
நடுவே வேலி ஓடுகிறது.
கண்ணை மூடித் தடவினாலும்
கம்பி எங்கே என்று காட்டுவேன்.

கிர்ஸ்டி காகித கிளிப்பை வளைத்துப் பிரித்து
என் முகத்தைத் திருப்பச் சொல்கிறாள்.
ஒரு முனையா, ரெண்டா?
ஒன்று.
இப்போது?
ஒன்று.
இப்போது?
ஒன்று.
கடைசித் தடவை அவள் தொடவேயில்லை.

சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள்.
நான் ஏறியது எள்.
சறுக்கியது, ஒன்பதாம் வாரம்,
யாரும் இல்லாத மதியத்தில்
தூக்கக் கூடாத விறகுக் கூடை.
தழும்பு சிவந்து மூன்று இரவு பேசியது.
ஹுஹானா மூன்று இரவும் பேசவில்லை.

ஆனாலும் ஞாயிறுதோறும்
பேனாவோடு உட்கார்கிறாள்.
முழங்கையிலிருந்து கீழ்நோக்கித் தட்டிக்கொண்டே வருவாள்.
எங்கே தட்டினால் சுண்டுவிரலில் கரண்ட் அடிக்கிறதோ
அங்கே ஒரு நீலப் புள்ளி.
குளித்தால் அழியும்,
மறுபடி வைப்பாள்.
ஜூனில் நாலு புள்ளி.
ஆகஸ்டில் ஏழு, சில வாரம் ஒன்றின்மேலேயே ஒன்று.
கையில் சாலை போடுகிறார்கள், யாரோ,
மிகச் சோம்பேறிகள்.

அக்டோபர். வெளியே ஆலங்கட்டியும் மழையும் கலந்த காற்று.
ஷெட்டிலிருந்து வந்தவள்
கோட்டைக் கழற்றாமலே என் கையை எடுத்து
தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டாள்.
கம்பளி எண்ணெயில் ஊறிய கைகள்,
என் கைகள் அப்படித்தான் இருந்தன,
மார்ச் வரைக்கும்.

ஆ, என்றேன்.

என்ன?

குத்துது.

எங்கே?

அவளுடைய கம்பளிச் சட்டை ஓரத்தில்
ஆட்டோடு வந்த ஏதோ ஒரு முள்.
விளக்கை இழுத்து, கண்ணாடி தேடி,
சுண்டுவிரல் நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.
இருந்தது. தோலுக்கடியில் கறுப்பாய்,
எள்ளில் பாதி.
டாக்டருக்குக் கணக்குத் தப்பிவிட்டது என்று சிரித்தாள்,
சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தாள்.

மேஜைமேல் என் போன் அடித்தது.
கான்ட்ராக்டர் நெவில்.
டிசம்பருக்கு வருவேனா என்று கேட்கத்தான்.
அவள் ஒரு கையில் இடுக்கி,
மறு கையில் என் விரல்.
எடுக்கட்டுமா? என்றாள்.
முள்ளையா, போனையா,
நான் கேட்கவில்லை.

கொஞ்சம் இரு என்றேன்.
இன்னும் கொஞ்சம் வலிக்கட்டும்.