சோதனைத் துண்டு

காலையில் கயிறு கட்டிய வெளிக்குள் இறங்கமுன்
அவரவர் கருவியைச் சோதனைத் துண்டின்மேல்
ஒருக்கால் அசைத்துப் பார்க்கவேணும்.
ஆட்காட்டி விரல்நுனி அளவு இரும்பு.
அது கத்தினால்தான் அன்றைக்கு வேலை.

ஒருநாள் எனக்குக் கத்தவில்லை.
பற்றரி முடிஞ்சுபோச்சு என்றேன்.
பக்கத்தில் தயாநிதி
இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள்.

செல்லடி, என்றார்கள் எல்லாரும்.
மாத்தளன் கரையில் வாங்கினது
இப்பதான் வேலை காட்டுது.
அம்பகாமத்தில் எந்தச் செவிட்டுக்கும்
காரணம் தயாராக இருக்கும்.
நானும் நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

ஸ்கான் எடுக்கமுன் கேட்டார்கள்:
உடம்பில் இரும்பு ஏதும் இருக்கா?
எங்கட ஊராரிடம் கேட்கிற கேள்வியா இது!
தோளில் கிடந்த துண்டைக் கிண்டி எடுத்தபிறகே
அந்தக் குழாய்க்குள் என்னை விட்டார்கள்.

செல் இல்லையாம்.
கேட்கிற நரம்பில் கட்டி.
இடதில் புளியங்கொட்டை அளவு,
வலதில் உளுந்தளவு.
யாரும் எறியாதது, எனக்குள்ளேயே முளைத்தது.
யாரைத் திட்டுவதென்று தெரியாமல்
கொழும்பு வாட்டில் மூன்று நாள்
காற்றாடியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

இடது காது கட்டியோடு போனது.
வலதில் கட்டியை வழித்து
நரம்பை விட்டிருக்கிறோம் என்று
டொக்டர் கொப்பியில் எழுதிக் காட்டினார்:
‘நூல் மாதிரித்தான் மிச்சம். கரண்ட் போகுதா பாப்பம்.’
நத்தைச் சுருளுக்குள் கம்பி,
தோலுக்கடியில் காந்தம்.

இயக்கிய அன்று குரல் வரவில்லை.
தகரப்பேணிக்குள் ஆணிகள் குலுங்கின.
அதுதான் உன்ர மகன், என்று எழுதினார்கள்.
மூன்றாம் மாதம் ஆணிகளுக்குள்ளிருந்து
ஒரு ‘ம்’.
கன நாள் கழித்து ‘மா’.
இப்பவும் அபிநயன் பாடுவதும்
பக்கத்துக் காணியில் மோட்டார் இறைப்பதும்
எனக்கு ஒன்றுதான். பொய் சொல்லமாட்டேன்.

போன கிழமை காம்புக்குப் போனேன்.
வேலை தரமாட்டார்கள், தெரியும்.
தயாநிதியிடம் கருவியைக் காட்டி,
என் காதுக்குப் பின்னால் கொண்டுவா என்றேன்.
மாட்டன் என்று தலையாட்டினாள்.
பிறகு கொண்டுவந்தாள்.

தேநீர்க் கொட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்
எடுத்த காலை எடுத்தபடியே நின்றார்கள்.

முந்தின சத்தம் இல்லை அது.
கிழிஞ்ச தகரம்போல, எங்கோ அடியிலிருந்து.
என்னைக் காட்டிக்கொடுத்த உலோகமே
எனக்கு அதைக் கேட்கவும் தந்தது.

பற்றரி நல்லாத்தான் இருக்கு, தயா,
என்றேன்.