மான் தின்ற பக்கங்கள்

எண்பது பக்கச் சீ.ஆர். கொப்பி.
ஷெரினாவின் கணிதம் பதினோராம் பக்கத்தோடு
வேறு கொப்பிக்குப் போய்விட்டது.
மிச்சம் எனக்கு.

வாங்கியதை எல்லாரும் எழுதுவார்கள்.
நான் வாங்காததை எழுதினேன்.

தை நாலு. தலையணை உறை இரண்டு.
வாங்கவில்லை.
பேக்கரியில் கேட்டெடுத்த மா மூட்டைச் சீலையை
மூன்று நாள் சவர்க்காரத்தில் ஊறவிட்டுக்
கசக்கக் கசக்க ஆலையின் பெயர் போனது.
'நிறை 50 கிலோ' மட்டும் போகமாட்டேன் என்றது.
அதன்மேல் கன்னம் வைத்துத்தான்
தூங்குகிறார் றெக்ஸன்.
மிச்சம்: எண்ணூறு.

அவருக்கு ஐஸ் கம்பனியில் வேலை.
விளிம்புடைந்த ரெஜிபோம் பெட்டி ஒன்றைச்
சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார்.
பத்து நிமிடம் கொதித்த சோற்றுப் பானையை
அதற்குள் இறக்கி
பழைய சாரம் இரண்டால் போர்த்தி மூடிவிட்டால்
காஸ் இல்லாமல் தானே வேகும்.
குளிரைப் பிடித்து வைத்த பெட்டிக்குச்
சூட்டைப் பிடிக்கச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.
முதல் கிழமை முழுக்கச் சோறு கீரிமீன் மணத்தது.
கறியும் மிச்சம் என்று எழுதப்போய்,
பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து
விட்டுவிட்டேன்.

பைப்பின் ஒழுக்குக்குச் செருப்படியில் வெட்டிய வாஷர்.
மெல்றோயின் காற்சட்டைக்கு அவன் அப்பாவின் காற்சட்டை.
ஃபேனைத் தானே திருத்தியதை மட்டும்
றெக்ஸனே பென்சிலால் எழுதினார்:
'நட்டம் 1700. ஒருவருக்கும் சொல்லவேண்டாம்.'

மனையாவெளியில் தரையில் எதை நட்டாலும்
அது மானுக்கு.
கோட்டைப் பக்கமிருந்து விடியமுன் வரும்.
வேலி என்பது அவற்றுக்கு
நாங்கள் சொல்லும் ஓர் அபிப்பிராயம்.
சோடாப் போத்தல்களை அரையாய் வெட்டி
கிழிந்த வலையில் கோர்த்துக் கூரையோரம் தொங்கவிட்டேன்,
பசளியும் கொச்சிக்காயும் ஆகாயத்தில்.
கொம்பன் ஒன்று வந்து
கழுத்தை எவ்வளவோ நீட்டிப் பார்த்தது.
எட்டவில்லை.
நான் சிரித்தேன்.
அதைத்தான் அது மனதில் வைத்திருக்க வேண்டும்.

மழையில் நனைந்த கொப்பியை
மதிலில் விரித்துக் காயவைத்த அன்று
பங்குனி முதல் ஆனி வரை தின்றுவிட்டது.

'மானுக்கும் கணக்கு விளங்குது போல'
என்று சிரித்தாள் பக்கத்து வீட்டு இனாசியம்மா.

ஐஸ் கம்பனி மூடிக்கிடந்த நாலு மாதம்.
வாங்காத பால்மா,
வாங்காத உயிர்ப்புப் பெருநாள் சட்டை,
எல்லாம் அந்த வயிற்றுக்குள்.
அங்கே ஒரு வரி இருந்தது:
'ஷெரினாவுக்குக் கண்ணாடி. வாங்கவில்லை.'
அதற்கு எதிரே மிச்சம் என்று
ஒரு தொகை போட எனக்குக் கை வரவில்லை.
ஆஸ்பத்திரித் துண்டை நாலாய் மடித்து
அந்தப் பக்கத்திலேயே செருகியிருந்தேன்.
துண்டும் போயிற்று.

'சராசரி எடுத்து நிரப்புவம் அம்மா'
என்றாள் ஷெரினா,
கொப்பியை மூக்கில் முட்டக் கொண்டுபோய்.

அன்றைக்குப் பால்மா ரின்னைக் கவிழ்த்தோம்.
எழுத்தில் அறுபதாயிரம் மிச்சம் பிடித்தவள் நான்.
ரின்னில் இருந்தது
ஒன்பதாயிரத்து நானூற்று முப்பது,
ஒரு சட்டைப் பொத்தான்.
மீதியைத் தின்றது மானல்ல.

கண்ணைத் திரும்பவும் சோதித்தார்கள்.
இருந்ததைவிடப் பவர் கால் கூடியிருந்தது.
அந்தக் காலை எந்தப் பக்கத்தில் எழுதுவது?
கடைசித் தட்டில் கிடந்த மலிந்த பிரேமைக் காட்டி
'இது எனக்கு வடிவு' என்றாள்,
மற்றவற்றைப் பார்க்காமலே.

வீட்டுக்கு வந்து
போத்தலில் நின்ற கொச்சிக்காயை எண்ணினாள்.
மதிலின் வெடிப்பை எண்ணினாள்.
மெல்றோயின் பல்லில் ஊத்தை கண்டுபிடித்து அடிவாங்கினாள்.
இரவில், தூங்கும் அப்பாவின் தலையணையோரம் குனிந்து
'அம்மா, அம்பது கிலோவுக்குக் கீழ
சின்ன எழுத்தில இன்னொண்டும் கிடக்கு' என்றாள்.
'வெற்றுப் பையை
மீண்டும் பாவிக்க வேண்டாம்.'

'எங்க?' என்றார் றெக்ஸன்,
கண் திறக்காமல்,
மற்றக் கன்னத்தையும் அதன்மேல் வைத்து.