இரண்டு விரற்கடை

மெரிபேங்க் பள்ளிக்கூட மண்டபத்தில்
புதன்கிழமை ஏழு மணிக்கு
வுசுமூசி என் நெற்றியைப் பார்த்துக் கை வீசுவான்.
கை வரும். வந்து
இரண்டு விரற்கடை தள்ளி நின்றுவிடும்,
மூடிய கடைமுன் கடன் கேட்க வந்தவன் மாதிரி.

அடி என்பேன்.
அடிக்காத கையை எங்கே கொண்டுபோய்த் திருப்ப?
நீயாகத்தான் விழுகிறாய், எனக்கு மரியாதையாக.
ஜன்னலில் எண்ணெய் ஆலையின் அழுகிய முட்டை வாடை.
பாயில் ஜூடோக்காரர்கள் விட்டுப்போன வியர்வை.
சரி கோகி, என்பான்.
மறுபடி அதே இரண்டு விரற்கடை.

பாயின்ட் சாலையில் பதினோரு வருஷம்
இரவு விடுதி வாசல் காத்தவன்.
விரல் முட்டிகளில் பட்டாணி பதித்ததுபோல் தழும்புகள்.
அந்தக் கையா இது?

எங்கள் அய்கிடோவிலும் ஓர் அடி உண்டு. அதெமி.
மணிக்கட்டைப் பற்றுமுன் முகத்துக்கு நேரே ஒன்று.
பட வேண்டும் என்பார் பாலகிருஷ்ண படையாச்சி.
பட்டால் அது வேறு கலை என்பாள் ஷானன்.
தேநீரில் டென்னிஸ் பிஸ்கட் கரைந்து விழும்வரை
சண்டையைப் பற்றியே சண்டை.

புரட்டாசி மூன்றாம் சனி.
மருந்துக்கடைக் கணக்கை முடித்து
கற்பூரம் வாங்கிக்கொண்டு
ரயில் மேம்பாலம் ஏறினேன்.

அவன் வணங்கவில்லை.
எந்தக் கை, எந்தப் பக்கம், எதுவும் சொல்லவில்லை.
முதலில் பை போயிற்று. ஆள் அப்புறம்தான் வந்தான்.
பீர் மூச்சு, பச்சைச் சட்டை, இருபது வயசிருக்கலாம்.
கையில் ஏதோ மின்னியது.
கத்தியா சாவியா, இன்றைக்கும் தெரியாது.

பத்து வருஷப் பயிற்சியில் ஒன்றும் வரவில்லை.
வட்டம் வரவில்லை. மூச்சே வரவில்லை.
கை மட்டும் கிளம்பியது அவன் மூக்கை நோக்கி,
போய்
இரண்டு விரற்கடை தள்ளி
நின்றது.
பாழாய்ப்போன மரியாதை.

அவன் இமைத்தான்.
அவ்வளவுதான்.
அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தேன்
ஒற்றைச் செருப்போடு,
கற்பூரப் பொட்டலம் கையில் பொடிப்பொடியாக.

புதன்கிழமை சொன்னேன்.
பார்த்தாயா, அதெமி! என்றாள் ஷானன்.
அடித்திருந்தால் பையும் மிஞ்சியிருக்கும், இது படையாச்சி.
வுசுமூசி பிஸ்கட்டைக் கீழே வைத்தான்.
எதிரே வந்து நின்று வணங்கினான்.

கை வந்தது.
நிற்கவில்லை.
நான் அரை நொடி பிந்திவிட்டேன்.
உதட்டில் உப்பு. வெள்ளை உடுப்பில் இரண்டு சொட்டு.

நடுங்கியது அவன்தான்.
வலக்கையை அக்குளில் அமுக்கிக்கொண்டு நின்றான்,
அவிழ்த்துவிட்ட நாயைத்
திரும்பப் பிடித்துவிட்டவன் போல.
யாரோ ஐஸ் தேடி ஓடினார்கள்.

இன்னொன்று, என்றேன்.
தலையாட்டினான்.
சரியென்றா, மாட்டேனென்றா
பார்ப்பதற்குள்
நான் இமைத்துவிட்டேன்.