இரண்டு கிலோ குறைவாக

லோடுசெல் செத்துக் கிடந்தது.
ஆறில் நான்காவது.
மாற்று ஓசூரிலிருந்து பஸ்ஸில் வருகிறதாம்,
எந்த பஸ் என்று சொல்லவில்லை.
"அஞ்சு மணியாவும் மேடம்" என்றார் திம்மராயன்,
மாங்கூழ் ஆலை வாசலில் நிற்கிற
பதினேழு லாரிகளையும்
நான்தான் மறித்து வைத்திருப்பது போல.

மணி பதினொன்று ஐம்பது.
லாட்ஜ் அறையைக் காலையிலேயே ஒப்படைத்தாயிற்று.

என்னோடு வேலை பார்க்கும் சேவியர் என்றால்
கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு பெஞ்சில்
ஷூவைத் தலைக்கு வைத்துத் தூங்கிவிடுவான்.
நான் உட்கார்ந்தேன்.
பத்தாவது நிமிஷம் ஒருவர் கேட்டார்,
"எந்த ஊரு போவணும்மா?"
எந்த ஊருக்கும் போகவில்லை என்பதை
ஒரு பெண் எப்படிச் சொல்வது?
"சேலம்" என்றேன்.
சேலம் பஸ் வந்ததும் கூப்பிட்டுக் காட்டினார்.
எழுந்து நடந்தேன், வேறு வழி?

மலைக்கோட்டையைக் கீழிருந்து பார்த்தேன்.
பாறை அடுப்புக்கல்லாகக் கொதித்தது.
ஜவுளிக்கடையில் ஃபேனுக்குக் கீழே நின்றேன்;
அந்தப் பெண் பதினோரு புடவை விரித்துவிட்டாள்,
வெட்கத்தில் இரண்டு கைக்குட்டை வாங்கினேன்.
அப்புறம் டவுன் பஸ், அணைக்கட்டு.
வறுத்த மீன் ஒரு தட்டு,
முள்ளைப் பொறுக்கிப் பொறுக்கி
முக்கால் மணி நேரம் தின்றேன்.
இன்னும் மூன்று மணி நேரம் மிச்சம்.

பூங்கா வாசலில் ஒருத்தி,
சாக்கின் மேல் எடை மெஷின் வைத்து உட்கார்ந்திருந்தாள்.
ஐந்து ரூபாய்.
முள் சுழியத்துக்கு இரண்டு கோடு பின்னால் படுத்திருப்பதை
தூரத்திலேயே பார்த்துவிட்டேன். தொழில் புத்தி.
ஏறினேன். ஐம்பத்தொன்பதரை.
நேற்று கோவையில், முத்திரை குத்திய மேடையில்,
அறுபத்தொன்றரை.

"ரெண்டு கிலோ கம்மியா காட்டுது.
கீழே சக்கரம் இருக்கு, திருப்பித் தரேன்" என்றேன்.
"தெரியும், வுடு மேடம்" என்றாள் லகுமம்மா.
"சரியா வெச்சிருந்தேன் ஒரு வாரம்,
ஒருத்தரும் திரும்பி வரல.
இப்ப பாரு, எறங்கறப்ப சிரிக்கிறாங்க."

ஒரு தாய் பையனோடு வந்தாள்.
முழங்கால் மட்டும் பெரிதான பையன்.
லகுமம்மா மெஷினை நகர்த்துவது போல் குனிந்தாள்,
கட்டைவிரல் ஒரு சொடுக்கு.
பையன் இருபத்துமூன்று.
"போன மாசம் இருபது தான்!" என்றாள் தாய்,
சொல்லிவிட்டு அவனுக்கு ஐஸ் வாங்கித் தந்தாள்.
அவன் போனதும்
மறுபடி ஒரு சொடுக்கு.

நான் வாய் திறக்கவில்லை.
ஐந்து கிலோ பிசகுக்காக
ஒரு குவாரி முதலாளியிடம் சண்டை போட்டு,
ராத்திரி முழுக்கக் கல்பாரம் ஏற்றி இறக்க வைத்தவள் நான்.

"டீ குடிச்சிட்டு வரேன், கொஞ்சம் பாத்துக்க" என்று
முந்தானையை உதறி எழுந்து போனாள்.
சாக்கில் உட்கார்ந்தேன்.
யாரும் என்னை எந்த ஊர் என்று கேட்கவில்லை.
காசு இருக்கிறதா என்று தங்கள் பையைத்தான் தடவினார்கள்.
புதுசாய்க் கல்யாணமான ஜோடி,
தொப்பையை எக்கிக்கொண்டு ஒரு போலீஸ்காரர்,
சேர்ந்தே ஏறுவோம் என்று அடம்பிடித்த மூன்று கல்லூரிப் பெண்கள்.
எல்லோருக்கும் இரண்டிரண்டு கிலோ தள்ளுபடி.

பிறகு ஒரு சிறுமி வந்தாள்.
பாட்டில் மூடியைக் கடித்தபடி, தனியாக.
ஒரு காலை மெஷினில் வைத்துவிட்டு
என்னைப் பார்த்தாள்.
என் கட்டைவிரல் எங்கே இருக்கிறது என்று
அப்போதுதான் கவனித்தேன்.

நாலரைக்கு திம்மராயன் போன்.
பார்சல் வந்துவிட்டதாம்.
நாற்பத்தைந்து ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.
லகுமம்மா எண்ணவில்லை.

போல்ட்டை முறுக்கும்போது
விரலில் மீன் மசாலா வாசம்.
பதினேழாவது லாரி ஏறி இறங்க ராத்திரி பத்து.
பெங்களூரா மாங்காய், பத்து டன் நானூற்று அறுபது,
ஒரு கோடுகூடப் பிசகவில்லை.
டிரைவர் சீட்டை வாங்கி மடித்தார்,
படிக்காமலே பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனார்.